பி0171 லீன் கோட்: சென்சரை மாத்த முதல் இதைச் செய்து பாருங்கோ

காலி ரோட் டிராஃபிக்ல வெள்ளவத்தையில நிக்கேக்க எண்ட 141 கொரோலாவில செக் எஞ்சின் லைட் பத்திச்சு. கராச்சில குடுத்தன், பாஸ் ஸ்கேனரைக் கொழுவிப் பாத்திட்டு "லீன் கோட் தம்பி, ஒக்சிஜன் சென்சர் போயிட்டுது" எண்டார், நானும் பஞ்சிகாவத்தைக்கு ஓடிப்போய் பாவிச்ச சென்சர் ஒண்டு வாங்கிப் போட்டன், மூண்டே நாள், லைட் திரும்ப வந்திட்டுது. பிறகுதான் நானே இறங்கினன்.

பி0171 எண்டா எஞ்சினுக்குள்ள காத்துக் கூட, இல்லாட்டி பெற்றோல் குறைவு. அதைக் கண்டு சொல்றதே அந்தச் சென்சர்தான். சொன்னவனையே தூக்கி எறிஞ்சிருக்கிறன்.

சாமான்: காரிண்ட ஸ்கேனர் சொக்கெட்டில கொழுவிற ஈஎல்எம்327 புளூடூத் அடாப்டர், போன்ல கார் ஸ்கேனர் அப், கார்ப் கிளீனர் ஒரு டின், டோர்ச். புகையை உள்ள அடிச்சு லீக்கைக் காட்டிற ஸ்மோக் மெஷின் நல்லதுதான், ஆனா ஒரு காருக்காக வாங்கிறது விசர் வேலை.

முதல்ல கோடை அழிக்காதேங்கோ. அழிச்சா ஃப்ரீஸ் ஃப்ரேமும் போயிடும், லைட் பத்தேக்க ஆர்பிஎம், லோட், சூடு எவ்வளவு எண்டதெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கோ.

அடுத்தது எஞ்சின் நல்லா சூடானாப் பிறகு ஷோர்ட் டேர்ம், லோங் டேர்ம் ஃபியூல் ட்ரிம் ரெண்டையும் கூட்டிப் பாருங்கோ. ஃபியூல் ட்ரிம் எண்டா கம்ப்யூட்டர் வழமையிலும் பாக்க எத்தினை வீதம் பெற்றோலைக் கூட்டி இல்லாட்டி குறைச்சுக் குடுக்குது எண்டது; ஷோர்ட் டேர்ம் உடனடிக் கணக்கு, லோங் டேர்ம் நாள்பட்ட கணக்கு. கூட்டினா 10க்குள்ள நிண்டா பயமில்லை. எனக்கு ஐட்லிங்ல 31, 2500 ஆர்பிஎம்ல பிடிச்சா 7. இப்பிடி ஐட்லிங்ல கூடி, அக்சலரேட்டர் குடுக்கக் குறைஞ்சா வேக்கும் லீக், அதாவது அளக்காத காத்து எங்கையோ வெடிப்பால உள்ள இழுபடுது. தலைகீழா, ஓட ஓடக் கூடினா ஃபியூல் பம்ப், ஃபில்டர், இல்லாட்டி ஊத்தை பிடிச்ச மாஃப் சென்சர் (உள்ள போற காத்தை அளக்கிறது).

இனித்தான் நான் ரெண்டு நாள் மினக்கெட்ட இடம். லீக் இருக்கிற இடத்தில கார்ப் கிளீனர் அடிச்சா எஞ்சின் சத்தம் மாறும் எண்டு எல்லாரும் சொல்லுவினம். நான் அரை டின் அடிச்சன், ஒரு மாற்றமும் இல்லை. என்னண்டா இப்பத்தைய வண்டியில ஐட்லிங்கை கம்ப்யூட்டரே பிடிச்சு வைச்சிருக்கும், காதுக்குப் பெரிசா தெரியாது. போதாக்குறைக்கு றேடியேட்டர் ஃபேன் வேற ஓடி அடிச்சதெல்லாத்தையும் ஊதித் தள்ளிட்டுது. காதை விட்டிட்டு ஷோர்ட் டேர்ம் ட்ரிம்மைப் பாருங்கோ, ஏசியை நிப்பாட்டி, ஃபேன் நிக்குமட்டும் பொறுத்து, ஒரு இடத்தில ஒரு சொட்டு, அஞ்சு செக்கன் பொறுத்து அடுத்த இடம். இன்டேக் மேனிஃபோல்டுக்குப் (சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிச்சுக் குடுக்கிற குழாய்) பின்னால, எஞ்சினுக்குள்ள சேர்ற ஆவியைத் திரும்ப இன்டேக்குக்கு இழுக்கிற பிசிவி ஹோஸ் வளைவில அடிச்சன், 14ல நிண்டது மளமளவெண்டு மைனஸுக்குப் போச்சு. கழட்டினா எண்ணெயில ஊறி அப்பம் மாதிரி மெத்துமெத்தெண்டு கிடக்கு, அடிப்பக்கம் விரல் நகம் நீளத்துக்கு வெடிப்பு, மேல இருந்து பாத்தா சாகுமட்டும் தெரியாது. புது ஹோஸ் போட்டு, கோடை அழிச்சு, ஒரு கிழமை ஓடினாப் பிறகு ட்ரிம் 3.

கார்ப் கிளீனர் டக்கெண்டு பத்தும், எக்ஸோஸ்ட் பக்கம் அடிச்சிடாதேங்கோ. மாஃப் சென்சருக்கும் அதை அடிக்கக் கூடாது, அதுக்கெண்டே தனி கிளீனர் இருக்கு.

பிற்சேர்க்கை: அல்டோ வைச்சிருக்கிற ஒருத்தர் இதே மாதிரி செய்தும் ட்ரிம் அசையேல்லையாம், ஐட்லிங் மட்டும் உயர நிக்குதாம். அவற்றை வண்டியில மாஃப் இல்லை, மேனிஃபோல்ட் பிரஷரை அளக்கிற மேப் சென்சர்தான். கள்ளமா வாற காத்தும் மேனிஃபோல்ட் பிரஷர்ல தெரியிறபடியா கம்ப்யூட்டர் அதுக்கும் சேத்துப் பெற்றோல் குடுத்திடும், லீன் ஆகாம ஐட்லிங்தான் ஏறும். அப்பிடியான வண்டியில லீன் கோட் வந்தா நான் முதல்ல ஃபியூல் பிரஷரைத்தான் பாப்பன்.