டார்டனெல்ஸைக் கடந்த நீர்மூழ்கிகள்: 1915-ன் கணக்கை வரைபடத்தில் போடும் முறை

முதல் உலகப் போரில், 1915-ல், நேச நாட்டு நீர்மூழ்கிகள் துருக்கியரின் காவலில் இருந்த டார்டனெல்ஸ் நீரிணை வழியாக ஏஜியன் கடலிலிருந்து மர்மரா கடலுக்குள் நுழைந்தன. அந்தப் பயணத்தைக் கணக்கிட்டுப் பார்க்க, நீரிணையின் கடல் வரைபடம், பென்சில், அளவுகோல், கவராயம் இருந்தால் தொடங்கிவிடலாம். கப்பல் பிரிட்டனின் ஈ வகை நீர்மூழ்கி: மூழ்கிய நிலையில் சுமார் 800 டன், 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் பாட்டரி ஏறக்குறைய 65 கடல் மைல் தாங்கும், வடிவமைப்பு ஆழம் 100 அடி.

1. பாட்டரி

65-ஐ 5-ஆல் வகுத்தால் 13 மணி நேரம். நீரிணையின் நீளம் சுமார் 33 கடல் மைல்தான். ஆனால் மேல்நீர் மர்மராவிலிருந்து ஏஜியன் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது. எதிர் ஓட்டம் 2 நாட் என்றால் மிஞ்சுவது 3 நாட். 11 மணி நேரம் பிடிக்கும். ஓட்டம் 3 நாட் ஆனால் பதினாறரை மணி. 13 மணி நேரத்தில் 26 மைல் போனதும் பாட்டரி காலி. ஆகவே இருட்டில் முடிந்த தூரம் மேலே மிதந்தே போய், எதிரி சுடத் தொடங்கியதும் மூழ்குவதாகக் கணக்கிடுங்கள். மூழ்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துவிட்டு அங்கிருந்து மட்டும் பாட்டரியை எண்ணுங்கள்.

2. எடை

புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இது. மேல்நீரில் உப்பு குறைவு, அடியில் அதிகம். ஒப்படர்த்தி (நன்னீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது) மேலே 1.018, கீழே 1.028 என்று வையுங்கள். 800 டன் கப்பலுக்கு இந்த 0.010 வித்தியாசம் சுமார் 8 டன். மேல்நீருக்கு எடை சரிசெய்த கப்பல் இறங்கும்போது அடிநீரின் மேல் தட்டி நிற்கும். கூடுதலாக 8 டன் நீர் ஏற்றினால்தான் உள்ளே போகும். அதே எடையோடு பெரிஸ்கோப் உயர்த்த மேலே வந்தால் கல் போலக் கீழே இறங்கும். ஏறுவதற்கு முன்பே பம்பை ஓட்ட வேண்டும்.

3. கண்ணிவெடி வரிசைகள்

நீரிணையில் கண்ணிவெடிகள் மிதக்கவிடப்பட்ட கெபெஸ் பகுதியில் 80 அடி ஆழத்துக்கு இறங்குங்கள். மேலே கண்ணிகள், கீழே 100 அடி வரம்பு. கிடைப்பது 20 அடி இடைவெளி. நங்கூரக் கம்பிகள் உடலில் உரசும், அது எதிர்பார்த்ததே. கம்பி முன் ஹைட்ரோபிளேனில் (கப்பலை ஏற்றி இறக்கும் பக்கத் துடுப்பில்) மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து. அதற்காகத்தான் காப்புக் கம்பிகள் பொருத்தினார்கள்.

4. வளைவு

சனக்கலே நகரத்தருகே நீரிணையின் அகலம் சுமார் 1,200 மீட்டர். 2 நாட் ஓட்டம் 10 நிமிடத்தில் 600 மீட்டருக்கு மேல் தள்ளும், அதாவது பாதி அகலம். நேரான பகுதியில் இது வேகத்தைக் குறைப்பதோடு சரி, வளைவில் கரைக்கே இழுத்துப்போகும். அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சில விநாடி பெரிஸ்கோப். கரையில் இரண்டு அடையாளங்களுக்குத் திசைக்கோணம். இரு கோடுகள் வெட்டும் புள்ளியில் நேரத்தை எழுதுங்கள். 1915 ஏப்ரல் 17 அன்று ஈ15 என்ற நீர்மூழ்கியை நீரோட்டம் கெபெஸ் முனையில் தரைதட்ட வைத்தது, கண்ணிவெடி அல்ல.

5. தரை தட்டினால்

பேலஸ்ட் தொட்டிகளை (மூழ்க நீர் நிரப்பும் தொட்டிகளை) ஒரேயடியாகக் காலி செய்யாதீர்கள், கோட்டைகளின் எதிரில் முழுக் கப்பலும் மேலே வந்துவிடும். இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். ஏப்ரல் 25 அன்று ஆஸ்திரேலியாவின் ஈ வகை நீர்மூழ்கி ஏஈ2 ஒரு கோட்டையின் கீழேயே தட்டி நின்றது. பீரங்கிகளை அந்த அளவுக்குத் தாழ்த்த முடியாததால் பிழைத்து வெளியேறியது.

6. திரும்பும் வழி

இப்போது ஓட்டம் துணைக்கு வரும்: 5 நாட் 7 ஆகும், 33 மைல் ஐந்து மணிக்குள் முடியும். ஆனால் வளைவில் திருப்ப நேரம் அதே அளவுக்குக் குறையும், சுக்கானை முன்கூட்டியே திருப்புங்கள். கண்ணி மாட்டிக்கொண்டால் நீரிணைக்குள் மேலே வரக்கூடாது. ஜூன் மாதம் ஈ11 நீர்மூழ்கி, மாட்டிய கண்ணியை வெளிக்கடல் வரை இழுத்துவந்து, பின்பக்கத்தை முதலில் உயர்த்தி, பின்னோக்கி ஓடி உதறியது.