நூறு படப் பட்டியல் ஏன் பதினொன்றிலேயே நின்றுவிடுகிறது?

பார்த்தே தீர வேண்டிய பழைய படங்கள் நூறு என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினேன். பினாங்கின் பாயான் லெப்பாஸில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த கையோடு, காலை எட்டு மணிக்கு ‘செவன் சாமுராய்’ (1954) போட்டேன். படம் 207 நிமிடம். ஏழு பேரையும் ஆள் சேர்த்து முடிப்பதற்குள் நான் தூங்கியாயிற்று. எழுந்ததும் பட்டியலில் அதன் பக்கத்தில் ஒரு சரி போட்டுவிட்டேன். பார்க்காத படத்துக்குச் சரி! அப்படியே பதினொரு படம் ஓட்டினேன், அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

நீளமான படத்தை ஒரே மூச்சில் பார்க்க வேண்டும் என்ற வீம்பு வேண்டாம். ‘செவன் சாமுராய்’ எடுத்த குரோசாவாவே அதற்கு இடைவேளை வைத்திருக்கிறார். அங்கே நிறுத்தி, மறுநாள் தொடர்ந்தால் குடி முழுகாது.

முதலிடத்திலிருந்து தொடங்குவது இன்னொரு தவறு. ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமா பத்திரிகை, உலகின் சிறந்த படம் எது என்று 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்குக் கேட்கிறது. முதல் தடவை வென்றது ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’. 2012இல் ‘வெர்டிகோ’. 2022இல் சான்டல் ஆக்கர்மனின் மூன்றே கால் மணி நேரத்துக்கும் மேலான படம். பெரும்பகுதி ஒரு பெண் வீட்டு வேலை செய்வதுதான். நல்ல படம். ஆனால் அதிலிருந்து ஆரம்பித்தவர் இரண்டாவது படத்துக்கு வரமாட்டார்.

நான் இப்போது ஜோடி ஜோடியாகப் பார்க்கிறேன். ஒரு வாரம் ‘ரஷோமோன்’ (1950), அடுத்த வாரம் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954). ஒரே கொலையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் கதை சென்னைக்கு வந்ததும் என்ன ஆகிறது என்று தெரியும். பாட்டே இல்லாத தமிழ்ப் படம். சிவாஜி தொடக்கத்திலேயே செத்துக் கிடக்கிறார். சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுநாள் கதை நடக்கிறது. 1941 டிசம்பரில் குண்டு வாங்கிய பினாங்கில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது தனி அனுபவம்.

அதே மாதிரி ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ பார்த்த கையோடு ‘பெனாரெக் பேச்சா’ (1955) பாருங்கள். அங்கே சைக்கிள், இங்கே பேச்சா என்ற சைக்கிள் ரிக்‌ஷா. இரண்டிலும் சக்கரம்தான் சோறு. மலாய் சினிமாவின் பெரிய நடிகர் பி. ரம்லி இயக்கிய முதல் படம் அது. ஜார்ஜ்டவுனில் அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளும் நம்மவர்களில் பலர் அவர் படங்களைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அவருக்கு முதல் கதாநாயக வாய்ப்பைத் தந்தவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் (‘பக்தி’, 1950) என்பதையாவது நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

டிவி செட்டிங்கைக் கவனிக்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய அநியாயம். ஐம்பதுகளின் தொடக்கம் வரை வந்த படங்கள் கிட்டத்தட்டச் சதுரமானவை. இன்றைய அகல டிவியில் இரு பக்கமும் கறுப்பாக இருக்கத்தான் செய்யும். ‘காசு கொடுத்து வாங்கிய டிவி, ஏன் காலியாக இருக்கிறது?’ என்று ஜூம் அழுத்தினால் மேலும் கீழுமாகப் படத்தில் கால்வாசி போய்விடும்: ஆட்டத்தில் பாதம் தெரியாது, நெருக்கக் காட்சியில் நெற்றி இருக்காது. இழுத்து விட்டாலோ எல்லோருக்கும் அம்மைக்கட்டு வந்த முகம். இணையத்தில் கிடைக்கும் தமிழ்ப் படங்கள் பல ஏற்கெனவே இப்படி வெட்டுப்பட்டவை. இரண்டு மூன்று பிரதிகளை ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

பாட்டைத் தள்ளிவிட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: ‘பராசக்தி’யில் (1952) அந்தக் காக்கைப் பாட்டைத் தள்ளினால் படத்தின் கோபத்தில் பாதி போய்விடும்.

கடைசியாக, நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் பார்த்தேன். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட காலத்து ஆள் என் அப்பா. ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கூட்டத்தில் ஓரமாக நிற்கும் நடிகருக்குக்கூடப் பெயர் சொல்கிறார். திரைக்குப் பின்பக்கம் இடம் பிடித்ததால் சிவாஜியை இடக்கைக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்த கதையும் வந்தது. பட்டியல் இப்போது பத்தொன்பதில் இருக்கிறது. இருபதாவதாக எதைப் போடலாம் என்று கேட்டால், பட்டியலிலேயே இல்லாத படத்தைச் சொல்கிறார்.