பிடித்த பாடகரை நேரில் பார்க்கப் போகிறீர்களா?

சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பக்கம் சாப்பாட்டுக் கடை மாடியில் இருபது முப்பது பேர் கூடும் சந்திப்புதானே என்று வெறுங்கையோடு போகாதீர்கள். அழியாத மை மார்க்கர் ஒன்று பையில் இருக்கட்டும்; பளபளப்பான சிடி அட்டையில் பால்பாயிண்ட் பேனா வழுக்கும், மார்க்கர் மையும் உடனே காயாது, அதனால் கையெழுத்து வாங்கியதும் மூடாமல் ஒரு நிமிடம் விரித்தபடியே பிடித்திருங்கள் (நான் அவசரப்பட்டு மூடி, பாதிக் கையெழுத்தை எதிர்ப்பக்கத்தில் ஒட்டவைத்தவன்). உங்கள் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டினால் எழுத்துப் பிழை வராது. அப்புறம், "உங்க தீவிர ரசிகன்" என்று எல்லாரும்தான் சொல்வார்கள். எந்தப் பாட்டில் எந்த இடம் பிடிக்கும் என்று சொல்லிப் பாருங்கள், முகமே மலரும். படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பேச்சு நீண்டால் கடைசி எம்ஆர்டி ரயிலை விட்டுவிடாதீர்கள், டாக்சிக் காசு தனி.