வன்னி வெக்கையில கறுப்பு வெள்ளை பிரிண்ட்: ஹைப்போவில இருந்து சீபியா வரைக்கும்

அம்மம்மான்ர கலியாணப் படம் ஒண்டு எங்கட வீட்டில இருக்கு, நல்ல பழுப்பு நிறம், எத்தினையோ இடப்பெயர்வில சூட்கேசுக்குள்ள கிடந்தும் முகம் அப்பிடியே நிக்குது. அதே சூட்கேசில கிடந்த மாமான்ர படம், அது கன வருசம் கழிச்சு எடுத்தது, முகத்துக்கு மேல மஞ்சள் கறை படர்ந்து போச்சு. ஈரம் பட்டதாலதான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன், நானே பிரிண்ட் போடப் பழகினாப் பிறகுதான் அது கழுவல் காணாத கறை மாதிரிக் கிடக்கெண்டு விளங்கினது. அதால இதில பேப்பரில படத்தைத் தெரிய வைக்கிற டெவலப்பர் மருந்தைப் பற்றிக் கதைக்கேல்ல, அதுக்குப் பிறகு வாற வேலை மட்டும்.

முதல் பிரச்சினை சூடு. மருந்துத் தண்ணி 20 பாகை செல்சியஸில இருக்கோணும் எண்டு எல்லா இடத்திலயும் போட்டிருப்பாங்கள், இஞ்ச கிளிநொச்சியில மத்தியானம் மேல் டாங்கித் தண்ணியில கை வைக்கேலாது. சூட்டில பேப்பரின்ர ஜெலட்டின் இளகி ஓரம் உரியும். நான் விடியப்புறம் கிணத்தில அள்ளின தண்ணியிலதான் செய்யிறனான், ட்ரேயைப் பெரிய பேசினுக்குள்ள வைச்சுச் சுத்திவர ஐஸ் போட்டால் 24க்குக் கிட்ட நிக்கும், அது காணும்.

டெவலப்பரால எடுத்த பிரிண்டை, அந்த மருந்தின்ர வேலையை நிப்பாட்டுற ஸ்டொப் பாத்தில அரை நிமிசம் ஆட்டுங்கோ. லீட்டருக்கு 15 கிராம் சிற்றிக் அசிட், அவ்வளவுதான்.

இனி பிக்சர் (fixer), படத்தை நிலைக்க வைக்கிற மருந்து. வெளிச்சம் படாத இடத்தில வெள்ளி உப்பு அப்பிடியே பேப்பரில கிடக்கும், அதைக் கரைச்சு எடுக்காட்டி பிரிண்ட் நாள் போகப் போகக் கறுக்கும். ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேற், இதைக் கரைக்கும் எண்டு ஜோன் ஹெர்ஷல் 1819லயே கண்டுபிடிச்சிட்டார், போட்டோவுக்கு அது வந்தது 1839ல. கட்டி ஹைப்போ வாங்கினால் லீட்டருக்கு 250 கிராம், அதோட சோடியம் சல்பைற் 20 கிராம். கரைக்கேக்க தண்ணி சில்லெண்டு போகும், அதால சுடுதண்ணியில கரைச்சு ஆற விடுங்கோ. இதில 8 நிமிசம் போடோணும். போத்தலில வாற ரப்பிட் பிக்சர் எண்டால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணி (1+4) கலந்து ஒரு நிமிசம். வடிவாச் செய்யோணும் எண்டு கன நேரம் ஊறப் போடாதேங்கோ, மெல்லிய சாம்பல் நிறமெல்லாம் கரைஞ்சு போகும். ஒரு லீட்டரில 8x10 அங்குல ஃபைபர் பேப்பர் (பிளாஸ்டிக் பூசாதது) 40க்கு மேல போடாதேங்கோ, எத்தினை போட்டனீங்கள் எண்டு போத்தலிலயே கோடு கீறி வையுங்கோ, நினைவில நிக்காது.

கழுவலிலதான் எல்லாரும் அவசரப்படுறது. ஆர்சி பேப்பர் பிளாஸ்டிக் பூசினது, ஓடுற தண்ணியில 2 நிமிசம் காணும். ஃபைபர் பேப்பர் ஹைப்போவைப் பஞ்சு மாதிரிக் குடிச்சிருக்கும், அதுக்கு ஒரு மணித்தியாலம் வேணும், இஞ்ச வெயில் காலத்தில கிணறு அடியில நிக்கேக்க மோட்டரை அவ்வளவு நேரம் ஓட விட்டால் வீட்டில ஏச்சுத்தான் விழும். அதால 5 நிமிசம் கழுவிப்போட்டு, லீட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்பைற் போட்ட தண்ணியில 10 நிமிசம் ஆட்டி, பிறகு பேசினில தண்ணியை மாத்தி மாத்தி ஒரு பத்துத்தரம் ஊத்துங்கோ. எங்கட தண்ணியில சுண்ணாம்பு கூட, கடைசித் தண்ணி மட்டும் மழைத் தண்ணியா இருந்தால் காய்ஞ்சாப் பிறகு வெள்ளைப் புள்ளி வராது.

பிரிண்டைப் பழுப்பாக்கிற சீபியா டோனிங்குக்குப் போறதெண்டால் இந்தக் கழுவல் இன்னும் முக்கியம். முதல் பொட்டாசியம் பெரிசயனைட் 10 கிராம், பொட்டாசியம் புரோமைட் 10 கிராம் ஒரு லீட்டரில கரைச்சு பிரிண்டை வெளிறப் பண்ணோணும், பேப்பரில ஹைப்போ மிச்சம் இருந்தால் அதுவும் பெரிசயனைட்டும் சேந்து வெள்ளியையே தின்னும், போனது திரும்பி வராது. எனக்கு அப்பிடி ஒரு வானம் முழுக்கப் போனது. படம் மெல்லிய மஞ்சளா வந்த உடன கழுவி, சோடியம் சல்பைட் கரைசலில போடுங்கோ, பேர் சல்பைற் மாதிரி இருந்தாலும் இது வேற சாமான், மாறி வாங்கிப்போடாதேங்கோ. கண்ணுக்கு முன்னாலயே பழுப்பாத் திரும்பி வரும், எத்தினைதரம் பாத்தாலும் எனக்கு அலுக்காது. வெள்ளி இப்ப வெள்ளி சல்பைட்டா மாறிட்டுது, அது லேசில கெடாது, அம்மம்மான்ர படம் தப்பினதும் இதாலதான் இருக்கும்.

ஆனா கூழ்முட்டை மணம் வரும், அந்த வாயு கூடாது, முத்தத்திலதான் செய்யோணும். பாவிக்காத பேப்பரைக் கிட்ட வைச்சால் அதுவும் பழுதாப் போகும். கையில கிளவுஸ் போடுங்கோ, பெரிசயனைட்டுக்குக் கிட்ட கடும் அசிட் ஒண்டும் கொண்டு போகாதேங்கோ, சல்பைட்டுக்குள்ள எந்த அசிட்டும் விடாதேங்கோ, ஸ்டொப் பாத் கூட. பழைய பிக்சரைக் கிணத்தடியில ஊத்த வேண்டாம், வெள்ளி அதுக்குள்ளதான் கிடக்குது, ஒரு கலனில சேத்து வையுங்கோ.

காயப்போடுறது வீட்டுக்குள்ள, கொடியில கிளிப் குத்தி. நான் ஒருக்கா வேப்பமரத்துக்குக் கீழ காயப்போட்டன், காகம் வந்து தன்ர டோனிங்கைச் செய்துபோட்டுப் போட்டுது.