பரணில் கிடைத்த கோல்ஃப் பை: என்ன விலை போகும் என்று பார்ப்பது எப்படி?

பெரியப்பா நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊட்டி கோல்ஃப் மைதானத்தில்தான் இருப்பார். அவர் காலமான பிறகு பரணிலிருந்து ஒரு தோல் பை இறங்கியது. "பிள்ளைங்க மூணு பேருக்கும் பிரிக்கணும்ப்பா, இது என்ன விலை போகும்னு பாரேன்" என்றார் பெரியம்மா. உள்ளே கோல்ஃப் மட்டைகள். அன்றைக்கு எனக்கு டிரைவர் மட்டைக்கும் பட்டர் மட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. தட்டுத்தடுமாறி நான் கற்றுக்கொண்ட வரிசையை இங்கே எழுதுகிறேன்.

1. எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள்

பெரிய தலை உள்ளவை வுட் (அதில் மிகப் பெரியதுதான் டிரைவர்), தட்டையான இரும்புத் தலை உள்ளவை அயர்ன், பந்தைக் குழிக்குள் உருட்டுவதற்கு ஒரு பட்டர். அயர்ன்களின் அடியில் எண் இருக்கும். பழைய செட்டில் பெரும்பாலும் 3 முதல் 9 வரையும் ஒரு பிட்சிங் வெட்ஜும் (பந்தை உயரத் தூக்கிப் பக்கத்தில் விழ வைக்கும் மட்டை) சேர்த்து எட்டு. நடுவில் ஒன்று காணவில்லை என்றால் விலை நன்றாகவே இறங்கும், அதனால் பரணை இன்னொரு முறை துழாவிவிடுங்கள். எங்கள் பையில் 17 மட்டைகள். விதிப்படி ஒருவர் ஆட்டத்துக்கு 14-க்கு மேல் கொண்டுபோக முடியாது. ஆக, வெவ்வேறு காலத்தில் வாங்கியவை கலந்து கிடக்கின்றன என்று புரிந்தது.

இடது கை மட்டையா என்றும் பாருங்கள். வாங்க ஆள் குறைவு.

2. வயதைக் கணியுங்கள்

தண்டு மரமா? அப்படியானால் அது பெரும்பாலும் 1930களுக்கு முந்தையது. எஃகுத் தண்டை அமெரிக்கா 1924-லும் பிரிட்டன் 1929-லும்தான் அனுமதித்தன. மரத்தண்டு மட்டையைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், சேகரிப்பவர்களுக்கு அந்தப் பழைய நிறம்தான் வேண்டும். ஆனால் "நூறு வருஷப் பழசு" என்றதும் கனவு காணாதீர்கள். அந்தக் காலத்திலேயே ஏராளமாகச் செய்து தள்ளிய பொருள் இது, சாதாரண மட்டைக்குச் சாதாரண விலைதான்.

தண்டு எஃகு, தலை மட்டும் மரம் என்றால் அது பெரும்பாலும் பெர்சிமன் என்ற மரத்தில் செய்த வுட். பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் 1979-இல் டெய்லர்மேட் கம்பெனி உலோகத் தலையைக் கொண்டுவந்தது, 1991-இல் காலவே கம்பெனியின் பிக் பெர்த்தா என்ற உலோக டிரைவர் வந்தது, அதோடு மரத்தின் காலம் முடிந்தது. 1950களில் மாக்கிரெகர் கம்பெனி செய்த டாமி ஆர்மர் டிரைவர் போன்ற சிலவற்றைத்தான் இன்றும் தேடி வாங்குகிறார்கள். 1990களின் உலோக டிரைவர்களுக்கும் மவுசு கிடையாது. இன்றைய தலைகள் 460 கன செ.மீ. வரை இருக்கின்றன, அவற்றின் பக்கத்தில் பழையது சுண்டைக்காய்.

3. பட்டரை நிதானமாகப் பாருங்கள்

மற்ற மட்டைகள் பழசானால் விலை விழும். பட்டர் அப்படியில்லை, எங்கள் பையில் நான் அதிக நேரம் செலவிட்டதும் இதில்தான். பட்டர் செய்வதில் பேர்போன ஸ்காட்டி கேமரனின் பெயர் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். பிங் கம்பெனியின் ஆன்சர் பட்டரை 1966-இல் வடிவமைத்தவர் கார்ஸ்டன் சோல்ஹைம். தலையில் 'ஸ்காட்ஸ்டேல்' என்ற ஊர்ப்பெயர் பொறித்திருந்தால் அது முதல் காலத்து மட்டை, நல்ல விலை போகும். 'ஃபீனிக்ஸ்' என்றால் பிறகு வந்தது, நிறையவே கிடைக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எங்களுடையது ஃபீனிக்ஸ். சரி, விடுங்கள்.

அதே கம்பெனியின் ஐ 2 அயர்ன்கள் 1982-இல் வந்தவை. செம்பு நிறத்தில் இருந்தால் அது பெரிலியம் கலந்த செம்பு, அதற்குத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும்: அதை மணல்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆபத்து.

4. உடம்பு எப்படி இருக்கிறது?

பந்தை அடிக்கும் முகத்திலுள்ள கோடுகள் தேய்ந்திருக்கிறதா, தண்டில் துரு இருக்கிறதா, மேசையில் உருட்டினால் கோணலாக ஓடுகிறதா என்று பாருங்கள். பிடி ரப்பர் காய்ந்து விறைத்திருப்பது சகஜம். விற்பதற்காகப் புதுப் பிடி போடாதீர்கள், போட்ட காசு திரும்பாது. சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷ்ஷும் போதும்.

கொஞ்சம் புதிய மட்டை என்றால் போலியா என்றும் சோதிக்க வேண்டும். டைட்டானியம் என்று போட்டிருக்கும் தலையில் காந்தம் கச்சென்று ஒட்டினால் சந்தேகப்படுங்கள்.

5. விற்ற விலையைத் தேடுங்கள்

எல்லோரும் சறுக்குவது இங்கேதான், நானும் சறுக்கினேன். இணையத்தில் ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார் என்றால் அது அவருடைய ஆசை, அவ்வளவுதான். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. அதே மாடல், அதே தண்டு, அதே நிலையில் ஐந்தாறு விற்பனைகளைக் குறித்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றும் தள்ளிவிட்டு நடுவில் நில்லுங்கள். அது வெளிநாட்டு விலை. இங்கே பழைய மட்டை வாங்குபவர்கள் குறைவு, அதனால் அதற்குக் கீழேதான் எதிர்பார்க்க வேண்டும். அப்புறம், பக்கத்து கோல்ஃப் கிளப்பின் பயிற்சியாளரிடமோ மூத்த கேடியிடமோ (ஆடுபவரின் பையைச் சுமந்து வருபவர்) ஒரு முறை காட்டுங்கள். பையைத் திறந்ததுமே எதைக் கையில் எடுக்கிறார் என்று கவனியுங்கள்.

பாகம் பிரிப்பதற்கு என்றால் கூரியர் செலவையும் கழித்துவிட்டு எழுதுங்கள், இரும்பு செட் நல்ல கனம். நான் எழுதிக் கொடுத்த தாளைப் பெரியம்மா படித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். பட்டரை மட்டும் பெரிய அண்ணன் விலை பேசாமல் எடுத்துக்கொண்டார்.