ஸ்க்ரீனிங்குக்கு எந்த சாஃப்ட்வேர் எடுக்கலாம், மலையில உக்காந்து பண்றவங்களுக்கு

சிஸ்டமாட்டிக் ரிவியூ, அதாவது ஒரு கேள்வியைப் பத்தி வந்த ஆராய்ச்சி பேப்பர் எல்லாத்தையும் முறையா தேடித் தொகுக்கற வேலை, ஆரம்பிச்ச உடனே எல்லாரும் கேக்கறது எது பெஸ்ட் சாஃப்ட்வேர்னு. அதுக்கு முன்னாடி எத்தனை பேப்பர் வந்திருக்கு, எத்தனை பேர் பாக்கப் போறீங்க, உங்க ஊர்ல நெட் எப்படின்னு பாருங்க, பாதி முடிவு அங்கயே வந்துடும்.

நான் கோத்தகிரியில இருந்து சிக்கிள் செல், அதாவது ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு போற பரம்பரை நோய் பத்தி ரிவியூ பண்றேன். இந்தியாவுல இந்த நோயோட ஜீனை முதல்ல பாத்து 1952ல எழுதினதே நம்ம நீலகிரி பழங்குடி மக்களை வச்சுத்தான், அதனால பழைய பேப்பர் எதையும் விடக்கூடாது. தேடும்போது சிக்கிள்னு போட்டு ஸ்டார் வச்சேன், அப்படி வச்சா சிக்கிள்னு தொடங்கற எல்லா வார்த்தையும் வரும், சிக்கிள்பாட்னு ஒரு களைச்செடி இருக்கு, அந்த பேப்பரெல்லாம் சேர்ந்து வந்துடுச்சு. இந்த மாதிரி களையெடுக்கறதுதான் ஸ்க்ரீனிங்.

ரெண்டு மூணு பேர் சேர்ந்து பாக்கறீங்கன்னா ரயான் போதும். கத்தார்ல உருவானது, 2016ல அதைப் பத்தி பேப்பர் வந்துச்சு, இலவச பிளான் இருக்கு, வரம்பு மட்டும் பாத்துக்கோங்க. அதுல மத்தவங்க முடிவை மறைக்கற பிளைண்ட் மோடு இருக்கு, எல்லாரும் பாத்து முடிக்கற வரைக்கும் அதை ஆஃப் பண்ணாதீங்க, ஏன்னா கூட இருக்கறவங்க என்ன போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சுட்டா நம்ம கையும் அந்தப் பக்கமே போகும், அப்புறம் ரெண்டு பேர் பாத்ததுக்கு அர்த்தமே இல்ல. கோவிடன்ஸ் காசு கட்டணும், ஆனா எத்தனை பேப்பர் வந்துச்சு, எத்தனை கழிஞ்சுதுன்னு காட்டற பிரிஸ்மா படத்தை அதுவே போட்டுக் குடுத்துடும், உங்க காலேஜ் சந்தா கட்டியிருந்தா யோசிக்காம எடுங்க.

ஆயிரக்கணக்குல பேப்பர், ஐப்பசி மழை வந்தா நெட்டும் கரண்டும் போயிடுது, இதுதான் நிலைமைன்னா ஏஎஸ்ரிவியூ. நெதர்லாந்து உட்ரெக்ட் யூனிவர்சிட்டிக்காரங்க பண்ணது, ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. நெட் நல்லா இருக்கற அன்னைக்கு பைத்தான்ங்கற புரோகிராமிங் மொழியைப் போட்டு, அதுல இதை இன்ஸ்டால் பண்ணிட்டா அப்புறம் நம்ம லேப்டாப்லயே ஓடும். வேணும் வேணாம்னு நீங்க சொல்லச் சொல்ல கத்துக்கிட்டு, பொருந்தற மாதிரி இருக்கறதை முன்னாடி கொண்டு வரும். ஆனா ஒண்ணு, அது படிக்கறது தலைப்பையும் அப்ஸ்ட்ராக்டையும், அதாவது பேப்பரோட சுருக்கத்தையும் தான். 1950கள்ல வந்த பேப்பர் நிறைய அப்ஸ்ட்ராக்டே இல்லாம வெறும் தலைப்போட இருக்கும், அது வரிசையில கடைசிக்குப் போயிட வாய்ப்பிருக்கு. நான் அப்ஸ்ட்ராக்ட் இல்லாததைத் தனியா பிரிச்சு ஒவ்வொண்ணா கண்ணால பாத்தேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க. எங்க நிறுத்தறதுங்கறதையும் முன்னாடியே எழுதி வச்சுக்கோங்க, தொடர்ந்து இத்தனை வேணாம் வந்தா நிறுத்துவேன்னு, அலுப்பு வந்த அப்புறம் முடிவு பண்ணக்கூடாது.

எதுவா இருந்தாலும் பேப்பர் விவரங்களைச் சேர்த்து வைக்கற ஸோடெரோ சாஃப்ட்வேர்ல டூப்ளிகேட்டை எடுத்துட்டு, முதல்ல ஐம்பது பேப்பர் மட்டும் ஏத்திப் பாருங்க. ஒருவாட்டி ஒரு டூல்ல ட்ரையல் முடிஞ்ச அன்னைக்கு நான் ஏன் வேணாம்னு எழுதின காரணம் எதுவும் வெளிய எடுக்க வரல, மூணு வார வேலை, திரும்ப உக்காந்து பண்ணேன். அதனால அந்த ஐம்பதையும் பாத்து முடிச்ச உடனே எக்ஸ்போர்ட் அடிச்சு, எக்ஸெல்ல திறந்து, வேணும் வேணாம், காரணம், பல பேர் பாத்தா யார் போட்டது, இந்த விவரமெல்லாம் இருக்கான்னு பாருங்க. ஒண்ணு குறைஞ்சாலும் அடுத்த சாஃப்ட்வேருக்குப் போயிடுங்க, ஐம்பதோட போயிடும்.