சொந்த இணையதளம்: முகவரியில் கோட்டை விடாதீர்கள்

இணையத்தில் தமிழ் எழுதிப் பழகிய பழைய ஆட்களுக்கு, கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாக்ஸ்பாட்டின் டாட் இன் கதை தெரிந்திருக்கும். 2012 முதல் சில ஆண்டுகள், இந்தியாவிலிருந்து எந்த பிளாக்ஸ்பாட் தளத்தைத் திறந்தாலும் கூகுள் அதை டாட் காமிலிருந்து டாட் இன்னுக்குத் திருப்பிவிடும். நாமும் உலாவியில் தெரிந்த முகவரியை அப்படியே எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டிவைத்தோம். 2020ல் அந்த டாட் இன் பெயர் கூகுளின் கையை விட்டே போய்விட்டது. எழுதியவை எல்லாம் டாட் காமில் பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றுக்குப் போகும் வழி அடைபட்டது.

சொந்தத் தளம் தொடங்குகிறவர்கள் தீம், நிறம், லோகோ என்று ஒரு மாதம் உட்காருவார்கள். முகவரிக்கு ஐந்து நிமிடம். நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவை அந்த ஐந்து நிமிடத்தில் விதைக்கப்பட்டவை.

முதல் தவறு, டொமைனை, அதாவது தளத்தின் பெயரை, வேறொருவர் பெயரில் விட்டுவைப்பது. தளம் கட்டித் தந்த தம்பியே வாங்கிக் கொடுத்திருப்பார். நல்ல பையன்தான். நான்கு வருடம் கழித்து அவர் வேலை மாறி, எண்ணும் மாறி, புதுப்பிக்கும் நாள் வந்து நிற்கும்போதுதான் அது நம்முடையதே இல்லை என்று தெரியும். கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். அந்த மின்னஞ்சலும் அதே டொமைனில் இருக்கக் கூடாது. நான் இதில்தான் மாட்டினேன்: டொமைன் காலாவதியானதும் அஞ்சலும் நின்றுபோனது, நினைவூட்டல்கள் எல்லாம் பூட்டிய வீட்டு வாசலில் விழுந்தன. டாட் காம் பெயர் என்றால், பதிவு நிறுவனம் அதை நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் அபராதத் தொகை தாளிக்கும். அதன் பிறகு 5 நாள் மீட்கவும் முடியாது, அப்புறம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். டாட் காம் பெயரை ஒரே மூச்சில் 10 ஆண்டுக்குக்கூடப் பதிந்து வைக்கலாம். முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து மயங்காமல், இரண்டாம் வருட விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது தமிழர்களுக்கே உரிய தலைவலி. தளம் நடத்தப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் தலைப்பைத் தமிழில் எழுதினால் பதிவின் முகவரியும் தமிழிலேயே அமையும். பார்க்க அழகு. ஆனால் யூனிகோடில் 'தமிழ்' என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள். முகவரிக்காகக் குறியாக்கும்போது ஒவ்வொன்றும் சதவீதக் குறியும் ரோமன் எழுத்தும் எண்ணும் கலந்த 9 எழுத்தாக விரியும். ஆக 'தமிழ்' என்ற ஒரு சொல்லுக்கே 45 எழுத்து. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு ஒதுக்குவது 200 எழுத்துதான். 22 குறிகளைத் தாண்டினால் வால் வெட்டுப்படும். நீளத் தலைப்பில் தொடர் எழுதினால் எல்லாப் பகுதிகளும் ஒரே முகவரியாகத் தேய்ந்து, கடைசியில் 2, 3 என்று எண் ஒட்டிக்கொள்ளும். அதை வாட்ஸப்பில் அனுப்பினால் சில சமயம் பாதித் திரைக்குச் சதவீதக் குறிகளாக நிற்கும். கண்டவர் வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுவார். ஒவ்வொரு பதிவுக்கும் ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று சொற்களைக் கையால் தட்டுவதுதான் வழி. தமிழ்ப் பற்றைப் பதிவுக்குள் காட்டிக்கொள்ளலாம்.

இதைப் படித்துவிட்டு உற்சாகத்தில் பழைய பதிவுகளின் முகவரிகளை எல்லாம் மாற்றப் போகாதீர்கள், அது இன்னொரு தவறு. மாற்றியே ஆகவேண்டும் என்றால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திருப்பம் (பழையதைத் திறப்பவரைப் புதியதற்குக் கொண்டுபோகும் 301 என்ற ஏற்பாடு) போட்ட பிறகு மாற்றுங்கள்.

பேக்கப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் சேர்ப்பது ஒன்றுதான்: தளத்தைத் தன் கணினியில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் எடுக்கும் பேக்கப் அவர்களுடையது. உங்களுடையது உங்கள் கணினியில் இருப்பது.

எழுத்தைப் படமாக்கிப் போடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. எழுத்துருச் சிக்கல் இருந்த காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று அந்தப் படத்திலிருந்து ஒரு வரியை நேராக நகலெடுக்க முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கும் அது வெறும் படம். வரி இடைவெளியையும் ஆங்கிலத் தீமில் இருந்தபடியே விடாதீர்கள். நம் கொம்புகளும் சுழிகளும் மேல்வரியோடு முட்டிக்கொள்ளும். எழுத்தின் அளவைப் போல 1.6 மடங்கு வைத்துப் பாருங்கள்.

ஓடையை (புதுப் பதிவுகளை வாசிப்புச் செயலிகளுக்குத் தானாக அனுப்பும் ஆர்எஸ்எஸ் வசதி) அணைத்துவைப்பது வேண்டாத வேலை. 2013 ஜூலையில் ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் மூடப்பட்டதும் ஆர்எஸ்எஸ் செத்துப்போனதாகப் பலர் முடிவு கட்டினார்கள். பாட்காஸ்ட்கள் இன்றுவரை ஓடுவது அதன் மேல்தான். தமிழ்மணம் போன்ற திரட்டிகள் நம் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டியதும் ஓடை இருந்ததால்தான். முதல் மூன்று வரியை மட்டும் கொடுத்து 'மேலும் படிக்க' போடாமல், முழுப் பதிவையும் ஓடையில் விடுங்கள்.

ஃபேஸ்புக்கில் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. எதையும் முதலில் உங்கள் தளத்தில் எழுதிவிட்டு, பிறகு அங்கே ஒட்டுங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டு வருடம் கழித்து ஒரு பதிவைத் தேட அதன் உள்தேடலிடம் கெஞ்ச வேண்டியிருக்கும்.

இப்போது உங்கள் பழைய பதிவுகளில் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்று தேடிப் பாருங்கள். அகப்பட்டால் 'இன்' இருக்கும் இடத்தில் 'காம்' என்று மாற்றிவிடுங்கள். மறுமுனையில் பதிவு அநேகமாக அப்படியே இருக்கும்.